ஆவ் நாங் தெருவில் ஐந்து மாலைகள்

தாய்லாந்துக்குச் சென்று வந்தோம் என்று சொன்ன அளவிலேயே கேட்பவர் இதழோரத்தில் ஒரு குறுநகை தோன்றுவதை யாம் பன்முறை கண்டிருக்கிறோம். ஒருநாள் பள்ளிவாசல் வாயிலில், எம்மினும் மூத்த பெரியவர் ஒருவர், “வாத்தியாருக்கு இந்த வயசுல அந்த ஊரா?” என்று கேட்டேவிட்டார். உடன் நின்றோர் சிரித்தனர். யாமும் சிரித்துவைத்தோம். தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் துறைத்தலைவர் பணித்தபோது, அன்று அப்பெரியவருக்குச் சொல்லாமல் விட்ட மறுமொழியை இங்கே எழுதிவிடலாம் எனத் துணிந்தோம். எழுதத் தொடங்கிய பின்னரே, சொல்ல வேண்டியது அவ்வூரைப் பற்றி மட்டுமன்று என்பது புலனாயிற்று.

2023 நவம்பர் முதல் இந்தியர்க்கு நுழைவிசைவு வேண்டியதில்லை எனத் தாய்லாந்து அரசு அறிவித்தது. பெங்களூரில் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் எம் மகள், “வாப்பா, நீங்களும் உம்மாவும் கடல் கடந்து ஒரு நாடும் பார்த்ததில்லை, நான் கூட்டிப்போகிறேன்” என்றாள். பயணச்சீட்டு, தங்குமிடம் எல்லாம் அவளே ஏற்பாடு செய்தாள். 2024 சனவரியில், பொங்கல் விடுமுறையை ஒட்டி நாங்கள் மூவரும் பாங்காக் வழியாகக் கிராபி சென்று இறங்கினோம். அங்கிருந்து கடலை நோக்கிச் செல்லும் சாலையின் முடிவில் இருக்கிறது ஆவ் நாங்.

பெயரும் எழுத்தும்

‘ஆவ்’ என்றால் விரிகுடா. ‘நாங்’ என்றால் நங்கை. மகள் இப்பொருளைச் சொன்னபோது எமக்குள் உறங்கிக் கிடந்த தமிழாசிரியன் விழித்துக்கொண்டான். ஒலியொப்புமை ஒன்றை மட்டுமே கொண்டு உறவு பேசுவது மொழியியலார்க்கு அடாத செயல் என்று நாற்பதாண்டு மாணவர்க்குச் சொல்லி வந்தவர் யாம். ஆகவே அதனைத் தற்செயல் என்றே கொள்வோம். ஆனால் ‘நங்கை விரிகுடா’ என்று எம் நாவு அவ்வூரை அழைப்பதை எவராலும் தடுக்க முடியவில்லை.

எழுத்தில் உள்ள உறவோ தற்செயலன்று. காஞ்சிப் பல்லவர் காலத்து எழுத்து தென்கிழக்காசியாவிற்குச் சென்று, கெமர் எழுத்தாகி, அதினின்றும் தாய் எழுத்துப் பிறந்தது என்பது அறிஞர் பலரும் ஒப்பிய செய்தி. 1292-ஆம் ஆண்டினது எனப்படும் இராம்கம்ஹெங் மன்னரின் கல்வெட்டைத் தாய் எழுத்தின் தொடக்கச் சான்றாகக் காட்டுவர். கடைப்பலகைகளை உற்று நோக்கியவாறு நடந்தோம். ‘கெ’ என்று எழுதுங்கால் ஒற்றைக்கொம்பை மெய்க்கு முன்னே இடுகிறோம் அல்லவா? தாய் எழுத்திலும் எகர, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னரே நிற்கின்றன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விடும் வழக்கமும் அவர்கட்கு இல்லை. நம் பழஞ்சுவடிகளும் கல்வெட்டுகளும் அவ்வாறே இருந்தன. முடிவெட்டும் கடை ஒன்றின் பலகை முன் யாம் நெடுநேரம் நின்றிருந்தமையால், கடைக்காரர் வெளியே வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு எம்மை அழைத்தார்.

பகலும் மாலையும்

ஆவ் நாங்கின் பெருந்தெரு கடலையொட்டி வளைந்து செல்கிறது. ஒருபுறம் கற்சுவரும் மரநிழலும் கடலும், மறுபுறம் கடைகள். கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள், உச்சியில் செடிகொடிகளைச் சுமந்துகொண்டு, யாரோ நட்டுவைத்தவை போலத் தோன்றும். இக்குன்றுகள் மறித்து நிற்பதால், அடுத்துள்ள ரைலே கடற்கரைக்குத் தரைவழி இல்லை. படகில்தான் செல்ல வேண்டும்.

அப்படகை ‘ருவா ஹாங் யாவ்’ என்கின்றனர். நீள்வால் படகு என்று பொருள். பொறியிலிருந்து வால்போல் நீண்ட தண்டின் நுனியில் சுழலி இருக்கும். படகோட்டி அத்தண்டையே திருப்பித் திசை மாற்றுகிறார். படகின் முகப்பில் வண்ணத்துணிகளும் மலர்மாலைகளும் கட்டியிருப்பர். ‘மே யா நாங்’ எனும் காவல் நங்கை அங்கே உறைவதாகப் பௌத்தரின் நாட்டு நம்பிக்கை. சீட்டுக் கூடத்தில் விலைப்பட்டியல் தொங்குகிறது. யாம் சென்றபோது ஆளொன்றுக்கு 100 பாட். எட்டுப் பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். பேரம் இல்லை, கூச்சல் இல்லை. படகு கரையைத் தொடாது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்காலளவு நீரில் நடந்து சென்று ஏற வேண்டும். எம் துணைவியார் புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு எமக்கு முன்னே நடந்து ஏறிவிட்டார். கரையில் நின்று தயங்கியவர் யாமே.

நண்பகலில் தெரு உறங்கும். மாலை 4 மணிக்கு மேல் அதற்கு உயிர் வரும். இருபுறமும் நீளிருக்கை அமைந்த ‘சோங்தேவ்’ எனும் சிறு பார வண்டிகள் கிராபி நகரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். ‘சோங்’ என்றால் இரண்டு, ‘தேவ்’ என்றால் வரிசை. எனவே அது இருவரிசை வண்டி. தையற்கடை வாயிலில் நிற்போர் எம் நிறத்தைக் கண்டு “நமஸ்தே” என்பர். உடல்பிடித்துவிடும் நிலையங்களின் பெண்கள் வரிசையாக அமர்ந்து, வருவோர் போவோரை அழைத்துக்கொண்டிருப்பர். தாய்லாந்தின் இம்மரபுக் கலையை 2019-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. கடைதோறும் தூண்மேல் ஒரு சிறு வீடு, நிலத்தெய்வத்திற்கு அமைத்தது. அதன்முன் ஊதுவத்தியும், உறிஞ்சுகுழல் செருகிய சிவப்புநிறக் குளிர்பானப் புட்டி ஒன்றும். தாகம் தெய்வத்திற்கும் உண்டு போலும்.

பெரியவர் குறிப்பாலுணர்த்திய கடைகளும் அத்தெருவில் இல்லாமல் இல்லை. மதுக்கூடங்கள் உண்டு. 2022-இல் சட்டத்தடை நீங்கியதால் முளைத்த கஞ்சா விற்பனை நிலையங்கள், யாம் சென்ற காலத்தில் பச்சை விளக்கேற்றி நின்றன. 2025-இல் மருத்துவச் சீட்டு இன்றி விற்கலாகாது என அரசு விதித்துவிட்டது. இவற்றை மறைத்து எழுதுவது முறையன்று. ஆனால் ஒரு தெருவின் பத்துக் கடைகளைக் கொண்டு அத்தெரு முழுவதையும் அளப்பதும் முறையன்று. எஞ்சிய நூறு கடைகளில் யாம் கண்டது உழைப்பு.

அவ்வுழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. மண்ணுரலில் பச்சைப் பப்பாளிச் சீவலை மர உலக்கையால் இடிப்பவர் பெண். அன்னாசியைக் கண் நீக்கித் திருகுசுருளாகச் செதுக்குபவர் பெண். துணிக்கடையில் கணக்குப்பொறியில் விலையைத் தட்டி எம் துணைவியாரிடம் நீட்டுபவரும் பெண். இவர் குறைத்துத் தட்டுவார். அவர் சற்றே கூட்டித் தட்டுவார். மொழியறியாத இருவர், எண்களாலேயே கால்மணி நேரம் உரையாடி, சிரித்து, ஒரு முக்காட்டுத் துணியை விலைபேசி முடித்தனர்.

‘சவாதீ’ என்று கைகுவித்து எல்லாரும் வணங்குகின்றனர். வடமொழி ‘சுவஸ்தி’யிலிருந்து அமைத்த இச்சொல்லை, 1930-களில் சூலலாங்கொர்ன் பல்கலைக்கழகத்தில் பயிற்றிய பிரயா உபகித் சில்பசான் எனும் மொழியறிஞர் வழக்கிற்குக் கொண்டுவந்தார். ஒரு மொழியாசிரியர் ஆக்கிய சொல்லை நாடே நாள்தோறும் சொல்கிறது! எம்மைப்போன்றார்க்குப் பொறாமை தரும் செய்தி அது.

மாவும் தட்டும்

முதல்நாள் அந்தியில், கடைத்தெருவின் இரைச்சலுக்கு ஊடே பாங்கொலி கேட்டது. கிராபி மாநிலத்து மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். எல்லைப்புற மாநிலங்களில் இருப்போரைப் போல மலாய் பேசாது, தென்தாய்ப் பேச்சையே தாய்மொழியாகக் கொண்டவர் இவர்களுட் பெரும்பாலோர். ஆவ் நாங்கிலும் பள்ளிவாசல் உண்டு. தொழுது திரும்புங்கால்தான் அந்த ரொட்டி வண்டியைக் கண்டோம்.

இருசக்கர வண்டியின் பக்கவாட்டில் இணைத்த ஒரு தட்டுவண்டி. அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, எரிவாயு அடுப்பு, வட்டமான இரும்புத்தட்டு. முக்காடிட்ட பெண்மணி ஒருவர், ஐம்பது அகவை இருக்கலாம், எண்ணெயில் ஊறிய மாவுருண்டையைக் கைகளால் அறைந்து, வீசி, கண்ணாடித்தாள் போல் விரித்துத் தட்டிலிட்டார். வாழைப்பழத் துண்டுகளை நடுவில் பரப்பி, நான்கு ஓரங்களையும் மடித்து, திருப்பி, பொன்னிறமாகியதும் சிறு சதுரங்களாக வெட்டி, மேலே கட்டிப்பாலைக் கம்பிபோல் ஊற்றித் தந்தார். விலை 50 பாட். நம் ஊரில் புரோட்டாவிற்கு மாவு வீசும் அதே வீச்சு. ரொட்டி அந்நாட்டிற்கு இந்தியக் குடியேறிகளுடன் சென்றது என்பர். முட்டையும் கறியும் பொதிந்த ‘மதபா’வும் அவரிடம் உண்டு, அது நம் முர்தபாவே.

அவர் அருகில் பதினெட்டு அகவை மதிக்கத்தக்க மகள். கல்லூரி மாணவி, ஓரளவு ஆங்கிலம் அறிவாள். தாய்லாந்தில் அயலாரையும் உறவுமுறையால் விளிப்பதே வழக்கம் என்று அவள் சொன்னாள். மூத்தாரைப் ‘பீ’ என்பர், இளையாரை ‘நோங்’ என்பர். முஸ்லிம் ஆடவரைப் ‘பாங்’ என்பர். மலாய் மொழியில் அண்ணனைக் குறிக்கும் ‘அபாங்’ என்பதன் குறுக்கம். எம் ஊரில் ‘காக்கா’ என்று அழைப்பது போல என்று எம் மகள் விளக்கினாள். அன்று முதல் அப்பெண்மணி எம் துணைவியாரைப் ‘பீ’ என்றார். எம்மைப் ‘பாங்’ என்றார்.

மூன்றாம் மாலை அவ்வண்டியின் முன் இருந்த நெகிழி நாற்காலியில் அமர்ந்து, நெடுநாள் பழகியவர் போல் யாம் ஒரு கேள்வி கேட்டோம். இரவு 11 மணி வரை அவர் அங்கே நிற்பதை முன்னிரு நாளும் கண்டிருந்தோம். “உங்கள் வீட்டில் ஆண்கள் இல்லையா?” என்று கேட்டோம்.

எம் மகள் எம்மை ஒருமுறை பார்த்தாள். கேள்வியை மொழிபெயர்க்கத் தயங்கினாள். ஆனால் அம்மாணவி அதனைப் புரிந்துகொண்டு தாயிடம் சொல்லிவிட்டாள். அப்பெண்மணி சினக்கவில்லை. தட்டிலிருந்து கண்ணெடுக்காமலே சிரித்தார். ஏதோ சொன்னார். மகள் ஆங்கிலத்தில் உரைத்தாள்: “இருக்கிறார். வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறார். இப்போது வருவார்.”

சொல்லி வாய்மூடுமுன் ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். பகலில் படகோட்டுபவர் என்று அறிந்தோம். மூடிய தட்டு ஒன்றில் வரிசையாக அடுக்கிய மாவுருண்டைகளை வைத்துவிட்டு, வெறுந்தட்டை எடுத்துக்கொண்டார். எமக்குச் சலாம் உரைத்தார். கழுவ வேண்டிய கரண்டிகளையும் வாளியிலிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தில் குறையேதும் இல்லை. மனைவி தெருவில் நிற்கிறாள் என்ற நாணமும் இல்லை. அது அவர்கள் தொழில், இருவரும் செய்கின்றனர். அவ்வளவே.

நீலநிறப் பலகை

வண்டிக்குப் பின்னே ஒரு கம்பத்தில் நீலநிறப் பலகை இருந்தது. அலையும், மேட்டை நோக்கி ஓடும் மனிதனும் வரைந்த பலகை. ஆழிப்பேரலை வந்தால் ஓட வேண்டிய திசையைக் காட்டுவது. 2004 திசம்பர் 26 அன்று அந்தமான் கடல் பொங்கியதில் தாய்லாந்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிராபி மாநிலத்தைச் சேர்ந்த பீபீ தீவுகள் பெருஞ்சேதம் அடைந்தன. அதே நாளில் அதே கடலதிர்ச்சி வங்கக்கடலைக் கடந்து வந்து தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. பலகையைச் சுட்டி, “எங்கள் கடற்கரையிலும்” என்றோம். பெண்மணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையசைத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவு அறைக்குத் திரும்பி நடக்கையில் எம் துணைவியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நம்ம மக கம்பெனியில ராத்திரி வேலை பார்த்தா உங்களுக்குப் பெருமை. உங்க தங்கச்சி வீட்டுத் திண்ணையில கடை போடுறேன்னா மட்டும் அது குறைச்சலாப் போச்சு.”

யாம் மறுமொழி கூறவில்லை.

தங்கையின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர் எம்முடையது. ஆண்கள் கடல்கடந்து பொருளீட்டுவர்; பெண்கள் இல்லம் காப்பர். எம் தங்கையின் கணவர் 2009-இல் வளைகுடா நாடொன்றில் காலமானார். அப்போது அவர்தம் மகன் ஏழாம் வகுப்பு மாணவன். அடுத்த ஆண்டு, இத்தா முடிந்து சில திங்கள் கழித்து, தங்கை எம்மிடம் வந்தார். “காக்கா, எனக்கு வாடாவும் தொதலும் நல்லாச் செய்ய வரும். திண்ணையில ஒரு மேசை போட்டு அசருக்குப் பிறகு விக்கிறேனே” என்று கேட்டார். எம் மறுமொழி இன்றும் எமக்கு நினைவிருக்கிறது. “உனக்கென்ன குறை? மாதம் முதல் தேதி நான் பணம் தரவில்லையா? தெருவில் நின்று விற்றால் ஊர் என்னைக் கேட்காதா?”

அவர் உன்னைக் கேட்கும் என்று அஞ்சவில்லை. எம்மைக் கேட்கும் என்றே அஞ்சினோம். எம் சொல்லிலேயே அது இருக்கிறது. மாணவர்க்கு எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டியவர்க்கு அது விளங்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

உரைகல்

நான்காம் நாள், கிராபியிலிருந்து தெற்கே 40 கி.மீ. அளவில் உள்ள குலோங் தோம் என்னும் ஊருக்குச் சென்றோம். தமிழ் பயின்றோர் கிராபி வரை சென்று அவ்வூரைக் காணாது திரும்புதல் தகாது. அங்கே ‘குவான் லூக் பட்’ எனும் மேடு உள்ளது. மணிமேடு என்று பொருள். பழங்காலத் துறைமுக நகரொன்று அங்கே இருந்தது. கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. அவ்வூர்ப் பௌத்த மடத்தைச் சார்ந்த அருங்காட்சியகம் அவற்றைக் காத்துவருகிறது.

அங்கே கிடைத்த பொருள்களுள் ஒன்று சிறிய உரைகல். தங்கத்தை உரைத்து மாற்றுக் காணும் கல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர். பத்தன் என்பது பொற்கொல்லன். இன்றும் தென்மாவட்டங்களில் பொற்கொல்லரைப் பத்தர் என்றழைப்பதை அறிவீர்கள். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகட்கு முன்னர், நம் நாட்டுப் பொற்கொல்லர் ஒருவரின் கைப்பொருள், தம் பெயர் பொறித்ததாய், இக்கடலைக் கடந்து இங்கே வந்திருக்கிறது. வகுப்பறையில் இக்கல்லைப் பற்றி எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். நேரில் கண்டதும் உள்ளம் உவகை கொள்ளும் என்று எதிர்பார்த்தே சென்றோம்.

உவகைதான் வந்தது. ஆனால் அதன் பின்னே வேறொன்றும் வந்தது. 2015-ஆம் ஆண்டு எம் வீட்டு மாடிப்பணி நடந்துகொண்டிருந்தது. இரண்டு திங்கள் தங்கைக்குப் பணம் தரத் தவறினோம். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய காலம் அது. அவர் எம்மிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பின்னொரு நாள் எம் ஊர்ப் பத்தர் பேச்சுவாக்கில் சொன்னார்: “உங்க தங்கச்சி ஒரு வளையலைக் கொண்டாந்தாங்க. நல்ல மாத்து. உரைச்சுப் பார்த்துத்தான் எடுத்தேன்.”

அது எம் வாப்பா அவருக்குத் திருமணத்திற்குச் செய்து போட்ட வளையல். கேட்டு வாங்குவதைவிட விற்றுவிடுவது மேல் என்று அவர் எண்ணியிருக்கிறார். உழைத்துத் தன் கையால் ஈட்டும் வழியை அடைத்தவர் யாம். கேட்டு வாங்கும் வழி ஒன்றையே அவருக்கு விட்டுவைத்தோம். அதுவும் அவருக்குக் கசந்திருக்கிறது. அச்சிறு கல்லின் முன் நின்று, எம் ஊர்ப் பத்தர் கல்லில் அவ்வளையல் இட்ட பொற்கோட்டை எண்ணிக்கொண்டிருந்தோம். அருகில் நின்ற மகள், “வாப்பா, எழுத்தைப் படிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். படித்துவிட்டோம் என்றோம்.

ஐந்தாம் மாலை

மறுநாள் விடைபெறச் சென்றோம். எம் நாட்டுப் பொற்கொல்லர் ஒருவர் பன்னெடுங்காலத்துக்கு முன் உங்கள் மாநிலத்துக்கு வந்திருந்தார் என்று ரொட்டிக்காரப் பெண்மணியிடம் மகள் வழியாகச் சொன்னோம். அவர் வியப்படைவார் என்று எண்ணினோம். அவரோ, “விற்க வந்தவர்தானே? விற்பவர் எங்கும் போவார்” என்றார். பின்னர், எம் துணைவியார் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, மாவுக்கு எத்தனை உப்பு, எத்தனை நேரம் ஊற வேண்டும் என்பதையெல்லாம் விரல்விட்டுக் காட்டினார். கடைசித் தட்டிற்குக் காசு வாங்க மறுத்தார். யாம் வற்புறுத்தினோம். அவர் மகள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். “பாங்கிற்கு விருந்தினராக இருக்கத் தெரியவில்லை என்கிறார் அம்மா” என்றாள் அப்பெண். பெற்றுக்கொள்ளக் கூச்சப்படுவது எத்தகையது என்பதை அந்நொடியில் சிறிதளவு அறிந்தோம். தங்கை அதனைப் பதினான்கு ஆண்டுகள் அறிந்திருந்தார்.

பாங்கொலி கேட்டது. பெண்மணி கைகழுவிவிட்டுத் தொழச் சென்றார். மகள் தட்டின் முன் வந்து நின்றாள். எதிரே மதுக்கூடத்தில் இசை ஒலித்தது. நிலத்தெய்வத்தின் சிறுவீட்டில் யாரோ ஊதுவத்தி ஏற்றினர். கடலுக்குமேல் வானம் செம்மட்டியின் ஓடுபோல் சிவந்து, பின் கருத்தது. அத்தெருவில் எல்லாம் இருந்தன. அவரவர் தமக்கு உரியதைச் செய்தனர்.

ஊர் திரும்பிய பின்

தங்கைக்கு அந்த முக்காட்டுத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பயணக் கதைகளைச் சொன்னோம். குன்றுகளைப் பற்றிச் சொன்னபோது பொறுமையுடன் கேட்டார். ரொட்டி வண்டியைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து அமர்ந்தார்.

“ஒரு ரொட்டி என்ன விலை காக்கா?”

“50 பாட். நம்ம காசுக்கு நூற்றிருபது ரூபாய் அளவில்.”

“ஒரு ராத்திரிக்கு எத்தனை போடுறாங்க?”

எண்ணவில்லை என்றோம். “அதைப் போய் எண்ணாம வந்துட்டீங்களே” என்றார். அவர் விரல்கள் மடியில் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். பதினான்கு ஆண்டுகட்கு முன் அவர் கேட்டதற்கு யாம் தந்த மறுமொழி தவறு என்றோம். வளையல் செய்தி தெரியும் என்றும் சொன்னோம். எம்மினும் இளையவர் முன் யாம் அவ்வாறு பேசியது வாழ்வில் அதுவே முதல்முறை. அவர் அழவில்லை. எம்மைத் தேற்றவும் இல்லை. சிறிது நேரம் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப எனக்கு நாப்பது வயசு காக்கா. இப்ப ரெண்டு முட்டியும் வலிக்குது” என்றார்.

இம்மறுமொழியை யாம் மாற்றியோ குறைத்தோ எழுத விரும்பவில்லை. காலம் கடந்து கேட்கும் மன்னிப்பு, கடந்த காலத்தைத் திருப்பித் தருவதில்லை.

ஆயினும் அவ்வாண்டு நோன்பு தொடங்குமுன் அவர் மகன் ஒரு மேசை வாங்கிவந்து திண்ணையில் போட்டான். அசருக்குப் பின் இரண்டு மணி நேரம், வாரத்தில் நான்கு நாள். வாடாவும் தொதலும். முட்டிக்கு இதமாக உயர்ந்த நாற்காலி ஒன்று. முதல் வாரத்தில் சிலர் முகம் சுளித்ததாகக் கேள்வி. இரண்டாம் வாரத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே தூக்குச்சட்டியுடன் வந்து நின்றனர். வாத்தியாருக்கு இந்த வயதில் அந்த ஊரா என்று கேட்ட பெரியவரும் பேரனை அனுப்பி வாங்கிப்போகிறார்.

மாதம் முதல் தேதி யாம் உறையைக் கொண்டுசென்றபோது தங்கை அதனைத் திருப்பித் தந்தார். “இது வேணாம் காக்கா. சும்மாதானே இருக்கீங்க, வேற உதவி செய்ங்க” என்றார்.

மாணவச் செல்வங்களே, ஆசிரியப் பெருமக்களே, சமுதாயப் பெரியோர்களே! ஓய்வு பெற்ற தமிழாசிரியர் எம்மை நீங்கள் மாலை 3 மணிக்குத் தேடினால் நூலகத்தில் காண இயலாது. தங்கையின் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்போம். ஓடு சேர்த்துத் துருவிவிடுகிறோம் என்பது அவர் குறை. திருத்திக்கொள்ள முயன்று வருகிறோம்.